சக்கையைத் துப்பும் 21 வயதுக் குதிரை: விற்பதா, வைத்துக்கொள்வதா?

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது செவலை நிறக் கத்தியவார் பெட்டைக் குதிரை. அந்தியூர் சந்தையில் 7 வயதில் வாங்கியது, இப்போது 21. "ஆறு மாசமாக விலா எலும்பு தெரிகிறது. புல்லை மென்று மென்று பாதியைத் துப்பிவிடுகிறாள். காலையில் நடை இறுகிக் கிடக்கிறது. பகலில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல், சாயந்திரம் 3 கிலோ கோதுமைத் தவிடு, கொஞ்சம் கொள்ளு. வயசாயிடுச்சு, வித்துடுங்க என்கிறார்கள். என் எடை 78 கிலோ. இனி ஏறலாமா? 13 வயது மகளுக்கு அவள்தான் உயிர்."

வயசாயிடுச்சு என்பது நோயின் பெயர் இல்லை. நல்ல பராமரிப்பில் குதிரைகள் 25, 30 வயது வரை இருக்கின்றன. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொல்லைகளுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கலாம். அவற்றில் இரண்டையாவது சரிசெய்ய முடியும் என்றே நினைக்கிறேன்.

முதலில் பல். துப்பிய சக்கை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுருட்டு மாதிரி உருண்டு, எச்சிலில் ஊறி, உள்ளே நார் நாராக அறுபடாத புல் இருந்தால் கடைவாய்ப் பல்லில் கோளாறு. குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஈறுக்குள்ளிருந்து வருஷத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் மேலே வந்துகொண்டே இருக்கும், அரைக்க அரைக்கத் தேயும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல். அதனால் மேற்பல்லின் வெளிவிளிம்பும் கீழ்ப்பல்லின் உள்விளிம்பும் தேயாமல் கத்திபோல நிற்கும். கன்னமும் நாக்கும் அதில் கிழியும். இருபது வயதுக்கு மேல் சில பற்கள் வேர்வரை தேய்ந்து ஆடவும் தொடங்கும்.

கால்நடை மருத்துவத் தொழிலுக்கு வந்த புதிதில், இப்படி இளைத்த ஒரு கிழட்டுக் குதிரைக்கு வாயைத் திறந்தே பார்க்காமல் இரண்டு மாதம் சத்து டானிக் கொடுத்தேன். கடைசியில் வாயில் கையை விட்டபோது கன்னத்தின் உட்புறம் என் விரல் நுழையும் அளவுக்குப் புண். அது இன்னும் என்னை உறுத்துகிறது. ஆகவே மயக்க ஊசி போட்டு, வாய்திறப்பான் மாட்டி, விளக்கு வைத்து முழு வாயையும் பார்க்கச் சொல்லுங்கள். கூர் விளிம்புகளை அரம் போட்டுத் தேய்த்தாலே இரண்டு வாரத்தில் சக்கை குறையும். இந்த வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

அடுத்தது தீவனம். என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். கொழுக்கட்டைப்புல்லில் ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது குடலிலேயே சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். காங்கேயம் மாடு அதே புல்லைத் தின்று செழிக்கக் காரணம், அதன் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதுதான். குதிரைக்கு அந்த வசதி இல்லை. இதோடு தவிடும் சேர்கிறது. கோதுமைத் தவிட்டில் சுண்ணாம்புச்சத்தைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு பாஸ்பரஸ். இரண்டும் சேர்ந்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். எலும்பு மெலியும், ஒருநாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று நொண்டும், முற்றினால் கண்ணுக்குக் கீழே முக எலும்பு இருபுறமும் புடைக்கும். மகளை விட்டு முகத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், தினமும் தடவும் கைக்கு மாற்றம் தெரியும்.

நாம் சத்து என்று நினைப்பதையெல்லாம் அன்பாகக் குதிரைக்கும் போடுவது இந்த மண்ணில் பழைய பழக்கம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கடல்கடந்து வந்த குதிரைகளுக்கு இங்கே சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போட்டார்கள் என்றும், பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லாமல் அவை மடிந்தன என்றும் குறிப்பிடுகிறார்.

தவிட்டைப் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள். அந்த இடத்தில் குதிரை மசால் என்ற பசுந்தீவனப் பயிரைக் கொடுங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, சுண்ணாம்புச்சத்தும் நிறைய. பொடியாக நறுக்கி, ஊறவைத்து வேகவைத்து மசித்த கொள்ளோடு கலந்து கூழ்போலக் கொடுத்தால் பல் இல்லாத வாய்க்கும் இறங்கும். எடை ஏற, 50 மில்லி கடலை எண்ணெயில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். சுண்ணாம்புச்சத்து மாவு எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்லட்டும்.

சரி, சவாரிக்கு வருவோம். நீளமான டேப் எடுத்து முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் சுமார் 344 கிலோ. திடமான குதிரைக்கே ஆளும் சேணமும் சேர்த்து எடையில் 20 சதவீதம்தான் எல்லை, அதாவது 69 கிலோ. வயதான மூட்டுக்கு நான் 15 சதவீதத்தைத் தாண்ட விடமாட்டேன். அது 52 கிலோ.

நீங்கள் இறங்கிவிட வேண்டும். 14 வருஷம் ஏறியவரிடம் இதைச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மகளும் சேணமும் 50 கிலோவுக்குள் இருந்தால், எலும்புக் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு, அவள் ஏறலாம். மண் பாதையில், வெயில் ஏறுமுன், அரைமணி நேரம், நடை மட்டும். லாயத்தில் கட்டியே வைத்தால் மூட்டு இன்னும் இறுகும். லாடக்காரர் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வரட்டும். குளம்பு சூடாக இருந்து, முன்கால்களை நீட்டிப் பின்பக்கமாகச் சாய்ந்து நின்றால் அது மூட்டுவலி இல்லை, குளம்பு அழற்சி. அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

வலி மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். அதிலும் டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம், அதைக் கொடுத்த மாடுகளின் பிணத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததால் 2006-லேயே கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்ட மருந்து அது. உங்கள் பக்கம் கோழிப்பண்ணைகள் அதிகம், அதனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோழித்தீவனத்தில் மோனென்சின் என்ற கோழி மருந்து கலந்திருந்தால் சிறிதளவே குதிரையின் இதயத்தைக் கெடுத்துவிடும். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் மருந்தும் ஆகாது, குடல் இயக்கம் நின்று வயிற்றுவலி வரும்.

விற்பதா என்று கேட்டீர்கள். 21 வயதுக் குதிரையை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலும் வண்டிக்கோ கல்யாண ஊர்வலத்துக்கோதான். உங்கள் கையில் இல்லாத குதிரைக்கு யாரும் கொள்ளு மசித்துத் தரமாட்டார்கள். வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடைசி நாளைப் பற்றியும் இப்போதே பேசிவிடலாம். தானாக எழுந்து நிற்க முடியாமல் போனாலோ, மருந்துக்கும் வலி அடங்காமல் தீவனத்தைத் தொடாமல் நின்றாலோ, ஊசி போட்டு அனுப்புவதுதான் அவளுக்குச் செய்யும் நல்லது. மருந்து உடலில் தங்கும் என்பதால் நாயோ பறவையோ தொடாத ஆழத்தில் புதைக்க வேண்டும். கொரங்காடு பாறைப் பூமி, பொக்லைன் இல்லாமல் குழி ஆகாது. வண்டி வரும் வழியையும் இடத்தையும் பார்த்து வையுங்கள். மகளிடம் மறைக்காதீர்கள். அவள் வேண்டும் என்று சொன்னால் அன்றைக்குத் தலைக்கயிற்றை அவளே பிடித்துக்கொள்ளட்டும். பழகிய கை பக்கத்தில் இருந்தால் குதிரை மிரளாமல் நிற்கும், ஊசி போடுகிறவருக்கும் கை நடுங்காது.