பழைய சூப்பர்காரின் விலையில் அதன் முந்தைய உரிமையாளர்களுக்கு என்ன பங்கு?

ஏலத்துக்கு வரும் பழைய சூப்பர்கார்களுக்கு முந்தைய உரிமையாளர்களின் விவரத்தை ஏன் பக்கம் பக்கமாக அச்சிடுகிறார்கள், பிரபலம் ஒருவர் வைத்திருந்தாலே விலை ஏறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரபலத்தின் பெயர் விலையைக் கொஞ்சம் தூக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாள் முதல் இன்றுவரை அந்தக் கார் யார் யார் கையில் இருந்தது, அவர்கள் அதை எப்படி வைத்திருந்தார்கள் என்பதற்கு இடையில் அறுபடாத சான்று இருக்கிறதா என்பதற்குத்தான் கோடிகள் கொடுக்கப்படுகின்றன என்பது, இந்தக் கார்களின் கதைகளை விடாமல் தேடிப் படித்து வரும் என்னுடைய உறுதியான கருத்து.

இதற்கு, பிரிட்டனின் மெக்லாரன் நிறுவனம் 1990களில் செய்த எஃப்1 என்ற சூப்பர்காரை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கார்டன் மர்ரே வடிவமைத்த இந்தக் கார், முன்மாதிரிகளையும் பந்தயக் கார்களையும் சேர்த்தே மொத்தம் 106 தான் உருவாக்கப்பட்டது. சாலையில் ஓட்டுவதற்கான வழக்கமான வடிவத்தில் வெளிவந்தவை 64. ஓட்டுநரின் இருக்கை நடுவில் இருக்கும். இருபுறமும் சற்றுப் பின்தள்ளி இரண்டு பேர் உட்காரலாம். பி.எம்.டபிள்யூ செய்து கொடுத்த, 12 சிலிண்டர் கொண்ட வி12 இன்ஜினின் வெப்பம் உடற்பகுதியைத் தாக்காமல் இருக்க, இன்ஜின் அறையின் உட்சுவரில் அசல் தங்கத் தகடு ஒட்டப்பட்டிருக்கும். இவ்வளவு குறைவான எண்ணிக்கையில் இருப்பதால், ஒவ்வொரு சேசிஸ் எண்ணுக்கும், அதாவது காரின் அடிச்சட்டத்தில் பொறித்த அடையாள எண்ணுக்கும், தனித்தனியே ஒரு வாழ்க்கை வரலாறு உண்டு.

பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் ரோவன் அட்கின்சன் 1997இல் வாங்கிய கார் அவற்றில் ஒன்று. எஃப்1 காரின் விலை அப்போது, வரி நீங்கலாக, 5,40,000 பவுண்டு. அவர் அதைக் காட்சிப் பொருளாகப் பூட்டி வைக்காமல், கடைக்கும் வெளியூருக்கும் எடுத்துச் சென்று சுமார் 66,000 கிலோமீட்டர் ஓட்டினார். 1999இல் ரோவர் மெட்ரோ என்ற ஒரு சிறிய காரின் பின்புறத்தில் மோதினார். 2011 ஆகஸ்டில் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஏ605 சாலையில் கட்டுப்பாட்டை இழந்து மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் மோதியபோது கார் உருக்குலைந்தே போனது. சாதாரணக் காராக இருந்திருந்தால் அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அதற்குள் எஃப்1 கார்களின் மதிப்பு பல மடங்கு ஏறியிருந்ததால், பழுதுபார்ப்பதே லாபம் என்று முடிவெடுத்த இன்சூரன்ஸ் நிறுவனம் 9,10,000 பவுண்டு கொடுத்தது. பிரிட்டனில் கார் பழுதுக்காக அதுவரை கொடுக்கப்பட்டதிலேயே பெரிய தொகை அது என்று செய்திகள் கூறின. மெக்லாரன் நிறுவனமே ஓராண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டு அதைச் சீரமைத்தது. 2015இல் அட்கின்சன் அதை விற்றபோது கேட்கப்பட்ட விலை 80 லட்சம் பவுண்டு.

இரண்டு முறை விபத்தில் சிக்கி, இவ்வளவு தூரம் ஓடிய ஒரு கார் ஏன் இந்த மதிப்பை எட்டியது? நடிகரின் புகழ் மட்டும் அதைச் செய்திருக்காது என்றே நினைக்கிறேன். விபத்து எப்போது, எங்கே நடந்தது, எந்தெந்தப் பகுதி மாற்றப்பட்டது, யார் மாற்றினார்கள் என்பதெல்லாம் ஒளிவுமறைவின்றிப் பதிவாகியிருந்தன. 18 ஆண்டுகள் ஒரே கையில் இருந்தது. சீரமைத்தவர்களும் அதை உருவாக்கியவர்களே. மறைக்கப்பட்ட சிறு விபத்து ஒரு காரின் மதிப்பைக் கெடுக்கும் அளவுக்கு, முழுமையாக ஆவணப்படுத்தப்பட்ட பெரிய விபத்து கெடுப்பதில்லை.

இத்தாலிய நிறுவனமான ஃபெராரி 1960களில் செய்த 250 ஜி.டி.ஓ. பந்தயக் கார்களில் ஒன்றின் கதை இன்னும் வியப்பானது. இங்கிலாந்திலும் பிறகு அமெரிக்காவிலும் பந்தயங்களில் ஓடிய அந்தக் காரை, அதன் டெக்சாஸ் உரிமையாளர் விக்டோரியா நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். மாணவர்கள் மோட்டார் பழுதுநீக்கம் கற்றுக்கொள்வதற்கான வண்டியாக அது அங்கே இருந்தது. 1972இல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கிய ஒஹாயோக்காரர் டிரெய்லரில் ஏற்றியபடியே திறந்த வெளியில் பல ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்தார். மழையிலும் வெயிலிலும் கிடந்தாலும், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதில் குழப்பம் இல்லாததால், அது எந்தக் கார் என்ற கேள்வியே எழவில்லை. 2018இல் இன்னொரு 250 ஜி.டி.ஓ. ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு விலை போனது என்பதோடு அந்த 6,500 டாலரை ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மலைப்பாகவே இருக்கிறது.

இந்த உரிமையாளர் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1954ஆம் ஆண்டின் ஃபெராரி 375 பிளஸ் ஒன்று சாட்சி. ஒஹாயோவில் திருடப்பட்டுக் கடல் கடந்து பெல்ஜியத்துக்குப் போன அந்தப் பந்தயக் காருக்கு இரு தரப்பினர் உரிமை கோரினர். நீண்ட சண்டைக்குப் பிறகு சமரசம் ஏற்பட்டு, 2014இல் இங்கிலாந்தில் ஒரு கோடி பவுண்டுக்கும் மேல் ஏலம் போனது. அதன் பிறகும் வழக்கு ஓயவில்லை. எனவே காரிலுள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் அதன் ஆவணங்களோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கு முன்பே, விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உரிமையாளர்கள் குறைவாகவும், ஓடிய தூரம் குறைவாகவும் இருந்தால் விலை கூடுமா என்றும் நீங்கள் யோசிக்கலாம். கூடும். 2021 ஆகஸ்டில் வெறும் 390 கிலோமீட்டர் ஓடியிருந்த ஒரு மெக்லாரன் எஃப்1, 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு விற்றது. ஆனால் ஓடாத காருக்கும் பராமரிப்புச் சான்று வேண்டும். எஃப்1 காரின் எரிபொருள் தொட்டியின் உள்பையை, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு இன்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். எந்த உரிமையாளர் இந்தச் செலவைத் தவிர்த்தார் என்பது சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கினாலே தெரிந்துவிடும். ஆகவே ஏலப் பட்டியலைப் படிக்கும்போது, பிரபலத்தின் புகைப்படம் இருக்கும் பக்கத்தைத் தாண்டி, நேராக அந்த ரசீதுகள் இருக்கும் பக்கத்துக்குப் போய்விடுங்கள்.