வேகமாக வளரும் 12 வயது மகளுக்கு மலையில் ஓட்ட எந்த அளவு சைக்கிள் வாங்கலாம்?

குன்னூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு 12 வயது, உயரம் 148 செ.மீ., போன ஒரு வருடத்தில் மட்டும் 8 செ.மீ. வளர்ந்திருக்கிறாள். 24 அங்குலமா, 26ஆ, இல்லை நேராகப் பெரியவர்கள் ஓட்டும் சைக்கிளே எடுத்துவிடலாமா என்பது கேள்வி.

24 வேண்டாம். அது ஏறக்குறைய 125 முதல் 145 செ.மீ. வரை உள்ள பிள்ளைகளுக்கானது. இப்போது எடுத்தால் சீக்கிரமே முட்டி ஹேண்டிலை இடிக்கும். பெரியவர்கள் சைக்கிளே எடுங்கள், ஆனால் அதில் ஆகச் சிறிய ஃபிரேமாகப் பார்த்து எடுங்கள். 13 அல்லது 14 அங்குலம், அதாவது சீட் கம்பி இறங்கும் குழாயின் நீளம். சில கம்பெனிகள் எக்ஸ்எஸ் என்று போடுவார்கள். கடையில் "26 இன்ச் சைக்கிள்" என்று சொல்வது சக்கரத்தின் அளவை மட்டும்தான். அதே 26 சக்கரத்தில் 14 அங்குல ஃபிரேமும் வரும், 18 அங்குல ஃபிரேமும் வரும். ஃபிரேம் தாழ்வாக இருந்தால் 27.5 சக்கரமும் சரிப்படும். 29 இந்த உயரத்துக்கு வேண்டாம்.

"வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசாவே எடுங்க" என்று கடைக்காரரும் சொல்வார், வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். பள்ளிச் சீருடைக்கு அது சரி, மடித்துத் தைத்துக்கொள்ளலாம். சமவெளியில் அப்பா சைக்கிளில் குரங்கு பெடல் போட்டே ஒரு தலைமுறை ஓட்டப் பழகியது; அங்கே தரை மட்டமாக இருந்தது. குன்னூரின் மேட்டுப் பகுதியான பெட்போர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும்போது வளைவில் எதிரே ஒரு பஸ் வந்து நின்றால், அந்தக் கணத்தில் விரல் பிரேக்கை எட்ட வேண்டும், கால் தரையில் ஊன்ற வேண்டும். பெரிய சைக்கிளில் இந்த இரண்டும்தான் முதலில் தவறும். அதனால் மலையில் இன்றைய உயரத்துக்குப் பொருந்தும் ஃபிரேம்தான் வாங்க வேண்டும்.

அப்படியானால் வளர்ச்சியை என்ன செய்வது? இந்த வயதில் உடம்பு ஒரு வரிசையில் வளரும். முதலில் பாதமும் காலும் நீளும், முதுகும் தோளும் பின்னால் வரும். ஆகவே சீட் உயரம் அடிக்கடி மாறும், ஹேண்டில் தூரம் மெதுவாக மாறும். கால் வளர்ச்சிக்கு ஈடு கொடுப்பது சீட் கம்பி. உடம்பு வளர்ச்சிக்கு ஈடு கொடுப்பது ஸ்டெம், அதாவது ஹேண்டில் பாரை ஃபோர்க்கோடு (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) பிடித்திருக்கும் அந்தக் குட்டைக் கை. இரண்டும் கழற்றி மாற்றக்கூடியவை.

இன்னொன்றும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 12 வயதை ஒட்டித்தான் மிக வேகமாக வளர்வார்கள். பெரியவளான பிறகு வேகம் குறைந்துவிடும். அதற்குமேல் வளர்வது பெரும்பாலும் 5 முதல் 8 செ.மீ. அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தால் இப்போது எடுக்கும் சின்ன ஃபிரேமே கல்லூரி வரைக்கும் போதும். பையன்களுக்கு அந்த வேகம் 13, 14 வயதில் வரும், வருடத்துக்கு 9, 10 செ.மீ. கூட ஏறும். அதனால் இதே 148 செ.மீ. பையனுக்கு இரண்டு வருடத்தில் அடுத்த அளவு ஃபிரேம் தேவைப்படலாம் என்று முன்பே நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒரே ஓர் அளவு எடுங்கள். வெறுங்காலோடு, முதுகைச் சுவரில் ஒட்டி, பாதங்களுக்கு நடுவே 15 செ.மீ. இடைவெளி விட்டு நிற்கச் சொல்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை, முதுகுப்பகுதி மேலே இருக்கும்படி கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அந்த அளவுக்கு மேலே தூக்கி அழுத்தச் சொல்லுங்கள். புத்தகத்தின் ஓரம் சுவரில் முழுதாகப் படிந்திருக்க வேண்டும், சாய்ந்தால் அளவு பொய்யாகும். மேல் விளிம்பில் பென்சில் கோடு போட்டு, தரையிலிருந்து அளந்து பாருங்கள். மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். 148 செ.மீ. உயரத்துக்கு இந்தக் கால் அளவு 68 செ.மீ. பக்கத்தில் வரும். கீழே சொல்வதெல்லாம் 68ஐ வைத்துத்தான். உங்களுக்கு வரும் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிளின் நடுக் கம்பிக்கு மேல் இரண்டு காலும் தரையில் ஊன்றி நின்றால் 3 முதல் 5 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஷூ 2 செ.மீ. உயரம் கொடுக்கும் என்றால், கம்பியின் உயரம் 65, 66க்குள் இருக்கட்டும். கடைக்கு டேப் கொண்டுபோய், சீட்டுக்குச் சற்று முன்னால், பிள்ளை நிற்கும் இடத்தில் தரையிலிருந்து அளந்து பாருங்கள். கம்பி சீட்டை நோக்கிச் சரிவாக இறங்கும் ஃபிரேம்களில்தான் இது கிடைக்கும்.

சீட் உயரத்துக்குக் கால் அளவை 0.88ஆல் பெருக்கினால் போதும். 68க்கு 60 செ.மீ. இது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை. கணக்கு வேண்டாம் என்றால், பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முட்டி நேராக நீள வேண்டும். புதிதாக மலையில் ஓட்டுபவளுக்கு முதல் சில வாரம் இதிலிருந்து 2, 3 செ.மீ. தாழ்த்தியே வையுங்கள், ஊன்றும் பயம் போகட்டும்.

14 அங்குல ஃபிரேமில் 60 செ.மீ. சீட் உயரத்துக்கு ஏறக்குறைய 20 செ.மீ. கம்பி வெளியே தெரியும். அவள் 165 செ.மீ. ஆகும்போது கால் அளவு 76 வரை போகலாம், அப்போது 27 செ.மீ. வெளியே வரும். ஃபிரேமுக்குள் குறைந்தது 8 முதல் 10 செ.மீ. இருந்தே ஆக வேண்டும். கம்பியில் அதற்கென்று ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரிந்தபடி ஓட்டினால் கம்பி வளையும், இல்லாவிட்டால் ஃபிரேமின் மேல்வாய் பிளக்கும். சைக்கிளோடு வரும் 300 மி.மீ. கம்பி இதற்குப் போதாது, பின்னால் 400 மி.மீ. வாங்க வேண்டியிருக்கும். பழைய கம்பியை உருவிப் பார்த்தால் 25.4 அல்லது 27.2 என்று விட்டம் பொறித்திருக்கும். அதே எண்தான் வேண்டும், 0.2 மி.மீ. குறைந்தாலும் ஓட்டும்போது கம்பி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஹேண்டில் தூரத்தைக் கடையிலேயே சோதிக்கலாம். சீட்டைச் சரியான உயரத்தில் வைத்து, யாராவது பின்னால் பிடித்துக்கொள்ள, அவளை உட்கார வைத்து ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பச் சொல்லுங்கள். வெளிப்பக்கக் கை பிடியை விட்டு நழுவினாலோ தோள் இழுபட்டாலோ தூரம் அதிகம். நெருக்கமான கொண்டை ஊசி வளைவில் மெதுவாக ஏறும்போது கை இப்படித்தான் நீளும். 80, 90 மி.மீ. ஸ்டெம் இருந்தால் 50 மி.மீ. ஆக மாற்றச் சொல்லுங்கள், பிடி 3, 4 செ.மீ. அருகே வந்துவிடும். கழற்றியதைப் பத்திரமாக வைத்திருந்தால் இரண்டு வருடத்தில் அதையே திரும்பப் போடலாம். சீட்டை முன்னே தள்ளி இந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டாம், முட்டி பெடலுக்கு முன்னால் போய் வலிக்கும். பார் அகலமாக இருந்தால் அறுக்கவும் வேண்டாம். பிடிகளையும் பிரேக் லீவர்களையும் உள்ளே தள்ளினாலே போதும், பின்னால் அந்த அகலம் தேவைப்படும்.

கிராங்க் நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. கிராங்கின் உள்பக்கம் 170 என்று பொறித்திருந்தால் அது பெரியவர்கள் அளவு. 148 செ.மீ. பிள்ளைக்கு 152 முதல் 160 மி.மீ. நல்லது. 170இல் பெடல் மேலே வரும்போது முட்டி மிக உயரத் தூக்கும், இடுப்பு இருபக்கமும் ஆடும், ஏற்றத்தில் முட்டி வலி வரும். சின்னக் கிராங்க் கிடைக்காவிட்டால் 165 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

பிரேக்கில் மட்டும் சமரசம் வேண்டாம். உள்ளங்கை பிடியில் இருக்கும்போதே ஆள்காட்டி விரலின் முதல் கணு லீவரில் படிய வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் அவளால் இறக்கம் முழுக்கப் பிடித்திருக்க முடியாது, பாதியிலேயே கை மரத்துப்போகும். பெரும்பாலான லீவர்களில் உள்பக்கமாக ஒரு சின்னத் திருகு இருக்கும். 2 அல்லது 2.5 மி.மீ. ஆலன் கீயோ, நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரோ போதும். உள்ளே முறுக்க முறுக்க லீவர் பிடியை நோக்கி நகரும். நகர்த்திய பிறகு கேபிளையும் இறுக்க வேண்டும், இல்லையென்றால் முழு பலத்தோடு அழுத்தும்போது லீவர் பிடியில் போய் முட்டும், பிரேக் பாதிதான் பிடிக்கும். எவ்வளவு அழுத்தினாலும் லீவருக்கும் பிடிக்கும் நடுவே ஒரு விரல் இடம் மிச்சமிருக்கட்டும். பிறகு அவளே சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று, முன் பிரேக்கை மட்டும் பிடித்தபடி முன்னே தள்ளட்டும். பின் சக்கரம் தரையிலிருந்து எழும்ப வேண்டும். அவள் கை பலத்தில் எழும்பாவிட்டால் அந்தச் சைக்கிளில் இறக்கத்துக்கு அனுப்பாதீர்கள்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில், சக்கர விளிம்பைக் கட்டையால் பிடிக்கும் ரிம் பிரேக் முதல் ஓரிரு சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். மணலும் அலுமினியத் துகளும் பிரேக் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மை அரைக்கும், அதை ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். அதனால் சக்கரத்தின் நடுவில் உள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்தான் நல்லது, 160 மி.மீ. தட்டு. கேபிள் டிஸ்க்கில் உள்பக்கப் பேட் தானாக நகராது. தேயத் தேய, பேட்களைத் தாங்கும் காலிப்பரில் இருக்கும் திருகைத் திருப்பி நெருக்க வேண்டும். இது தெரியாமல் கேபிளை மட்டுமே இறுக்கிக்கொண்டிருப்பதுதான் வழக்கமான தவறு. கேபிளுக்குப் பதில் எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் சின்னக் கைக்கு மிக இதமானது. ஆனால் எண்ணெய் மாற்றிக் காற்றெடுக்கத் தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள், இல்லாவிட்டால் கோவைக்குத்தான் இறக்க வேண்டிவரும். எந்த டிஸ்க்காக இருந்தாலும் செயினுக்கு எண்ணெய் போடும்போது ஒரு துளிகூட டிஸ்க்கில் படக் கூடாது. பட்டால் பேட் வீண்.

அடுத்து கியர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ரயிலே பல் தண்டவாளத்தைப் பிடித்துத்தான் ஏறுகிறது, பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றம் அது. குன்னூரின் குறுக்குச் சாலைகள் சில அதைவிடச் செங்குத்து. கியர் இல்லாத 26 அங்குல சைக்கிளில் முன்னே 44 பல், பின்னே 18 பல் என்றால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்குச் சைக்கிள் 5 மீட்டர் நகரும். ஏற்றத்தில் 38 கிலோ பிள்ளையால் அதை மிதிக்க முடியாது. முன்னே 24, பின்னே 34 என்றால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுவாள். எத்தனை கியர் என்று எண்ணாதீர்கள். 21 கியர் என்று எழுதியிருந்தாலும் பின்னே ஆகப் பெரிய பல் 28தான் என்றால், ஏழு கியர் 14-34 ஃப்ரீவீலாக (பின் பல்சக்கரத் தொகுதி) மாற்றித் தரச் சொல்லுங்கள். செயின் நீளமும் கூட வேண்டும், செயினைப் பல் மாற்றிவிடும் பின் டீரெய்லரின் கூண்டும் நீளமாக இருக்க வேண்டும். குட்டைக் கூண்டு 34ஐத் தாங்காது. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்றால் பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வரும். ஆனால் அது கியர் இல்லாதது, மேட்டுப்பாளையம், காரமடைச் சமவெளிக்குப் பொருத்தம். அதை நம்பி இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சஸ்பென்ஷன் வேண்டாம். விலை குறைந்த ஃபோர்க்கின் ஸ்பிரிங் பெரியவர் எடைக்கு அமைத்தது, 38 கிலோவுக்கு அது அசையாது, எடைதான் கூடும். சைக்கிள் 13 கிலோவுக்குள் இருந்தால் அவள் எடையில் மூன்றில் ஒரு பங்கு, வீட்டுப் படியில் அவளே தூக்கிக்கொள்வாள். தார் ரோட்டுக்கும் எஸ்டேட் மண் ரோட்டுக்கும் 1.95 அங்குல டயரே போதும்.

டயர் மாற்றும்போது "26" என்று மட்டும் கேட்காதீர்கள். 26 × 1.95 டயரின் பக்கவாட்டில் 559 என்று இருக்கும். பழைய மாடல் சைக்கிளின் 26 × 1⅜ டயரில் 590 என்று இருக்கும். இரண்டும் 26தான், ஒன்று மற்றதில் ஏறாது. 27.5க்கு 584.

பழைய சைக்கிள் எடுப்பதும் நல்ல யோசனைதான், வளரும் பிள்ளைகள் விட்டவை நல்ல நிலையிலேயே கிடைக்கும். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் சீட் கம்பியை உருவிக் காட்டச் சொல்லுங்கள். மலை ஈரத்தில் கம்பி ஃபிரேமுக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அசையாத சீட் கம்பி உள்ள சைக்கிள் உங்கள் மகளுக்கு உதவாது. ஃபோர்க்குக்குப் பக்கத்தில் ஃபிரேம் வெல்டிங்கில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதியதோ பழையதோ, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் புத்தக அளவை மறுபடி எடுங்கள். அன்றே கம்பியை முழுதாக உருவி, துடைத்து, கிரீஸ் தடவி, புதிய உயரத்தில் இறக்கி, பழைய உயரம் எது என்று கம்பியில் ஒரு டேப் சுற்றி வையுங்கள். ஷூ அளவு திடீரென்று கூடினால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம், அடுத்து நீளப்போவது கால்தான்.