அப்ரூவருக்கு ஆண், பெண் கிடையாது

கேள்வி: கனடாவில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து பள்ளி மாணவிகளைக் கடத்திக் கொன்ற வழக்கில் கணவன் பால் பெர்னார்டோவுக்கு ஆயுள். கூட நின்ற மனைவி கார்லா ஹோமோல்காவுக்கு வெறும் 12 வருடம். பெண் என்றால் எந்த நாட்டிலும் நீதிபதிகள் இளகிவிடுகிறார்களே? நம் சட்டத்திலும் பெண்களுக்கு ஜாமீன் சலுகை இருக்கிறதாமே, அதை ஏன் தூக்கக் கூடாது? - ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 12 வருடம் அநியாயம்தான், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த 12 வருடத்தைக் கொடுத்தது நீதிபதியின் இளகிய மனசு என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. 1993-ல் கனடா போலீஸ் கையில் பெர்னார்டோவைக் கொலைக்குற்றத்தில் சிக்க வைக்க உருப்படியான சாட்சி கிடையாது. கார்லா வாயைத் திறந்தால்தான் வழக்கு நிற்கும். அதனால் அரசுத் தரப்பு அவரோடு பேரம் பேசியது: நீ சாட்சி சொல், உன் குற்றத்தைக் கொலை என்ற அளவிலிருந்து ஒரு படி இறக்கிக்கொள்கிறோம். கணவனுக்கு அஞ்சி நடுங்கிய அப்பாவி என்று அவர் தன்னைப் பற்றிச் சொன்னதை அப்போது பலர் நம்பினார்கள் என்பதும் உண்மை. பெண் என்பது அங்கே உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில், வீட்டுக் குளியலறைக் கூரையில் விளக்குக்குப் பின்னால் செருகி வைத்திருந்த வீடியோ நாடாக்களை, பெர்னார்டோவின் சொல்படி அவருடைய வக்கீலே எடுத்துப்போய் ஒரு வருடத்துக்கும் மேல் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அவை வெளியே வந்தபோதுதான் இந்த அம்மாள் எவ்வளவு தூரம் கூட்டாளி என்று தெரிந்தது. அதற்குள் பேரம் முடிந்து, தண்டனையும் அறிவித்தாகிவிட்டது. 2005-ல் முழு 12 வருடத்தையும் கழித்துவிட்டு வெளியே வந்தார். அந்த நாடா முதல் சோதனையிலேயே போலீஸ் கையில் சிக்கியிருந்தால் அவரோடு பேரம் பேச அவர்களுக்கு என்ன அவசியம்?

சரி, இதையே அப்படியே திருப்பிப் போட்டதுபோல் ஒரு வழக்கு நம் நாட்டிலேயே இருக்கிறது, அதை ஏனோ யாரும் கேள்வியாக எழுதி அனுப்புவதில்லை. கோலாப்பூர் சகோதரிகள் ரேணுகா ஷிண்டே, சீமா காவித். தாயோடு சேர்ந்து 1990-களில் மகாராஷ்டிராவில் சின்னக் குழந்தைகளைக் கடத்தி, திருட்டுக்குப் பயன்படுத்தி, தொல்லையாகத் தெரிந்த பிள்ளைகளைக் கொன்றவர்கள். கேட்கவே குலை நடுங்கும். இந்தக் கும்பலில் ஓர் ஆணும் இருந்தார், ரேணுகாவின் கணவர். அவர் அப்ரூவர் ஆனார், அதாவது கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கும் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினார், மன்னிப்பு வாங்கினார், சாட்சி சொன்னார், போய்விட்டார். தாய் விசாரணைக்கு முன்பே இறந்துபோனார். சகோதரிகள் இருவருக்கும் 2001-ல் தூக்கு, 2006-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2014-ல் ஜனாதிபதி கருணை மனுவை நிராகரித்தார். 2022-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்ததும் பெண்கள் என்பதற்காக அல்ல, கருணை மனுவை அரசு வருடக்கணக்கில் இழுத்தடித்தது என்பதற்காக. ஆண் கூட்டாளி வீட்டுக்கு, பெண்கள் தூக்கு மேடைக்கு என்று இதை வைத்து நான் ஒரு விதி எழுதினால் ஒப்புக்கொள்வீர்களா?

பெண் என்ற காரணம் வெளிப்படையாகவே பேசப்பட்ட வழக்கு வேண்டுமானால் நளினியைச் சொல்லலாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. நளினி விஷயத்தில் மட்டும் மூன்று நீதிபதிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. நீதிபதி கே.டி. தாமஸ், இவர் மற்றவர்கள் சொன்னபடி நடந்தவர், சிறையிலேயே பிறந்த பெண் குழந்தைக்குத் தாய், அப்பாவுக்கும் தூக்கு என்றிருக்கும்போது அந்தக் குழந்தையை அநாதையாக்க வேண்டாம், ஆயுள் போதும் என்றார். மற்ற இருவரும் பெண் என்பதும் தாய் என்பதும் தண்டனையைக் குறைக்கக் காரணமாகாது என்றார்கள். பெரும்பான்மைதான் தீர்ப்பு. அதாவது, இரக்கம் காட்டச் சொன்ன நீதிபதி தோற்றுப்போனார். அப்புறம் சோனியா காந்தி கேட்டுக்கொண்டு, கருணாநிதி அமைச்சரவை பரிந்துரைத்து, 2000 ஏப்ரலில் ஆளுநர் பாத்திமா பீவி ஆயுளாகக் குறைத்தார். முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவரும் அதற்கு 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 14 வருடம் நளினியின் கழுத்தில் கயிறு தொங்காமல் இருந்தது பெரிய சலுகைதான், நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சிறைக்கதவு? பேரறிவாளன் 2022 மே மாதம் வெளியே வந்தார். நளினி அதே வருடம் நவம்பரில், மற்ற ஐந்து ஆண்களோடு, ஒரே உத்தரவில்.

குன்றத்தூர் வழக்கையும் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு குழந்தைகளைக் கொன்ற தாய்க்கும் அவருடைய காதலருக்கும் 2025 ஜூலையில் காஞ்சிபுரம் மகளிர் நீதிமன்றம் கொடுத்தது ஒரே தண்டனை, சாகும்வரை சிறை. நீதிமன்றம் சமமாகத்தான் நடத்தியது. அந்தப் பெண்ணின் பழைய வீடியோக்களைத் தோண்டியெடுத்து ஏழு வருடமாக மீம் போட்டவர்களுக்குத்தான் அந்த ஆணின் பெயர்கூட ஞாபகம் இருக்காது.

கடைசியாக ஜாமீன். கடுமையான குற்றமானாலும் பெண்ணுக்கு ஜாமீன் கொடுக்கலாம் என்ற சலுகை இருக்கிறது, எழுதியே வைத்திருக்கிறார்கள், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 437-வது பிரிவு, இப்போதைய புதிய சட்டத்தில் 480-வது பிரிவு. பணமோசடித் தடுப்புச் சட்டத்திலும் உண்டு. டெல்லி மதுபான வழக்கில் கைதான, தெலங்கானா முன்னாள் முதல்வர் சந்திரசேகர ராவின் மகள் கவிதாவுக்கு 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது, படித்த, வசதியான பெண்ணுக்கு இது பொருந்தாது என்பதுபோல் டெல்லி உயர் நீதிமன்றம் பேசியதைக் கண்டித்ததும் இதை வைத்துத்தான். அவர் ஐந்து மாதத்தில் வந்தார், அதே வழக்கில் டெல்லி முன்னாள் துணை முதல்வர் மணீஷ் சிசோடியாவுக்கு 17 மாதம் ஆனது. உங்கள் வாதத்துக்கு இதுதான் நல்ல உதாரணம், நீங்கள் கனடா வரை போயிருக்க வேண்டாம். இந்தச் சலுகை வேண்டாம் என்று போராடுவதாக இருந்தால் ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்தப் பிரிவில் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நோயாளி என்றும் இருக்கிறது. கைதான அன்று இரவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுக்கும் நம் ஆண் பிரமுகர்கள், அந்த வரியைத்தான் நம்பியிருக்கிறார்கள்.