மூன்றாவது சுழி

அன்புள்ள ஐயா,

நான் தினமும் இரண்டு மணி நேரம் கையால் எழுதுகிறேன். நாட்குறிப்பும், ஒரு நாவலின் முதல் வரைவும். ஆறு மாதங்களுக்கு முன் பால்பாயிண்ட் பேனாவை விட்டு மைப்பேனாவுக்கு மாறினேன். விரல் வலி போய்விட்டது. ஆனால் எழுத்தைச் சுற்றி மை பிசிறடிக்கிறது, தாளின் மறுபக்கம் முழுக்கக் கறை. தாள் மெலிதாக இருப்பதுதான் காரணம் என்று எண்ணி, அட்டையில் 100 ஜி.எஸ்.எம். என்று அச்சிட்டிருந்த கோடு போட்ட நோட்டுகள் ஐந்து வாங்கினேன். அதிலும் அப்படியேதான். பேனாவைக் கழுவினேன், நிப்பை மாற்றினேன், மையையும் மாற்றிப் பார்த்தேன். ஒரு பக்கத்தின் படத்தை இணைத்திருக்கிறேன். என் பேனாவில்தான் கோளாறா? மைப்பேனாவுக்கு ஏற்ற நல்ல கோட்டு நோட்டில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எழுதாமல் இருக்கும் நான்கு நோட்டுகளை என்ன செய்வது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பேனாவில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்காவது வரியில் ‘எண்ணினான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ணகரத்தின் மூன்றாவது சுழி அடைந்துபோய், அது னகரம் போலவே தெரிகிறது. மேலே வைத்த புள்ளி எழுத்தோடு ஒட்டிக் கரைந்துவிட்டது. எழுத்துக் கோடுகளின் ஓரத்தில் சிலந்திக் கால் போல மெல்லிய இழைகள் ஓடுகின்றன. அந்த இழைகள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஓடவில்லை, தாளின் நார் கிடக்கும் வழியில் ஓடுகின்றன. பேனா மையை அதிகம் விட்டால் கோடு தடிக்கும், உலர நேரமாகும். ஆனால் இப்படி நார்வழியே இழை ஓடினால் அது தாளின் குணம்.

இதை உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நல்ல பேனாவின் மேல் இதே பழியைப் போட்டேன். மையைக் குறைக்கிறேன் என்று நிப்பின் பிளவை விரலால் அழுத்தி நெருக்கினேன். நிப் கெட்டதுதான் மிச்சம். பிசிறு அப்படியே இருந்தது. அந்தப் பேனா பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன், நிப்பில் கை வைக்காதீர்கள்.

மைப்பேனாவில் மையை வெளியே தள்ளும் விசை எதுவும் கிடையாது. நிப்பின் மெல்லிய பிளவிலும் அதன் அடியில் இருக்கும் நாக்கின் நுண்ணிய வாய்க்கால்களிலும் மை தந்துகி விசையால், அதாவது நுண்ணிய இடுக்கு திரவத்தைத் தானே இழுத்துப் பிடிக்கும் விசையால், நிற்கிறது. முனை தாளைத் தொட்டவுடன் தாள் அதை இழுக்கிறது. எவ்வளவு மை இறங்குகிறது என்பதில் பேனாவுக்கு இருக்கும் பங்கு தாளுக்கும் இருக்கிறது. மையைத் தாகத்தோடு இழுக்கும் தாளில் எந்த மெல்லிய நிப்பும் தடித்த நிப்பாகிவிடும். ஒரே பேனாவை இரண்டு தாள்களில் எழுதிப் பார்த்தால் இரண்டு பேனாக்கள் போலத் தோன்றுவது இதனால்தான். பால்பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப்பசை கொண்டது, கெட்டியானது. அது நாருக்குள் அவ்வளவு எளிதாக ஊறாது. அதனால் மோசமான தாளின் குறை அந்தப் பேனாவில் தெரியாமல் போய்விடுகிறது.

தாள் என்பது பின்னிக் கிடக்கும் நார். நார் தண்ணீரை விரும்பும் பொருள். மைப்பேனாவின் மையில் பெரும்பகுதி தண்ணீர். இடையில் ஒரு தடுப்பு இல்லையென்றால், மை பட்ட இடத்திலிருந்து நார்வழியே ஓடிவிடும். மை ஒற்றும் தாளை அந்தத் தடுப்பு இல்லாமல்தான் செய்கிறார்கள். எழுதும் தாளுக்கு அந்தத் தடுப்பைத் தருவது பசை. கூழிலேயே கலக்கும் பசை ஒன்று, தாள் உருவான பின் மேற்பரப்பில் பூசும் மாவுப்பசை ஒன்று. இந்த இரண்டும் ஒழுங்காக இருந்தால் மை மேற்பரப்பிலேயே தங்கி, அங்கேயே உலரும். வெட்டியது போன்ற ஓரம் கிடைக்கும். ஒரே கோட்டுக்குள் மை தேங்கிய இடத்தில் அடர்ந்தும், வேகமாக ஓடிய இடத்தில் வெளிறியும் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். அந்த நிறவேறுபாட்டை ஒருமுறை பார்த்தவர்கள் பழைய தாளுக்குத் திரும்ப மனம் வைப்பதில்லை.

இது நெடுங்காலமாகத் தொடரும் அக்கறை. இத்தாலியின் ஃபாப்ரியானோ நகரத் தாள் செய்பவர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே விலங்குத் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினில் தாளை முக்கி எடுத்தார்கள். இறகுப் பேனாவின் கூர்முனையும் நீர்த்த மையும் அந்தத் தாளில் தங்கின. 1807இல் ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் ஃப்ரீட்ரிக் இல்லிக், மரப்பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். எந்திரத்தில் தாள் செய்வதற்கு அது மிகவும் பொருந்தியது. ஆனால் படிகாரம் தாளுக்குள் அமிலத்தைக் கொண்டுவந்தது. பழைய புத்தகங்கள் பழுப்பேறி, மடித்தால் ஒடிந்து விழுவதற்கு அந்த அமிலம் ஒரு முக்கியக் காரணம். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமிலம் தேவைப்படாத செயற்கைப் பசைகள் வந்தன. உங்கள் நாட்குறிப்பை நாற்பது ஆண்டுகள் கழித்து யாராவது திறக்க வேண்டும் என்று விரும்பினால், அமிலமற்ற தாள் என்ற சொல் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.எம். எண்ணைவிட எனக்கு அந்தச் சொல் முக்கியம்.

ஜி.எஸ்.எம். எண் ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதை மட்டுமே சொல்கிறது. பசையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. 100 கிராம் தாள் பசை குறைவாக இருந்தால் தடித்த ஒற்றுத்தாள்தான். உங்கள் ஐந்து நோட்டுகளும் அப்படித்தான் இருக்கின்றன. இதற்கு நேர்மாறாக ஜப்பானின் டோமோயே ரிவர் தாளைப் பாருங்கள். அதன் பெயர்பெற்ற வகை வெறும் 52 கிராம். வெங்காயச் சருகு போல இருக்கும், விரலில் சரசரக்கும். நன்றாக மை விடும் பேனாவால் எழுதினாலும் பின்பக்கம் ஊறாது. 2021இல் அதைச் செய்துவந்த நிறுவனம் தயாரிப்பை நிறுத்தி, சான்சென் என்ற ஆலை ஏற்றுக்கொண்டபோது உலகெங்கும் பேனாப் பிரியர்கள் கலங்கிப்போனார்கள். பழைய தாளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துவைத்தவர்கள் உண்டு. ஒரு தாளுக்காக இவ்வளவு பேர் கவலைப்பட்டதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏ5 தாள் 148 × 210 மில்லிமீட்டர். 52 கிராம் தாளில் 400 பக்க நோட்டு, அட்டையைச் சேர்க்காமல், ஏறத்தாழ 320 கிராம் வரும். 100 கிராம் தாளில் அதுவே 620 கிராமைத் தாண்டும். நாவல் எழுதுகிறவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும் இல்லையா?

ஆனால் மெல்லிய தாளில் ஒன்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மை ஊறாது, ஆனால் மறுபக்கத்து எழுத்தின் நிழல் தெரியும். ஊறுவதும் நிழல் தெரிவதும் வேறு வேறு. நிழல் கண்ணுக்குப் பழகிவிடும், ஊறிய மை பக்கத்தையே பறித்துக்கொள்ளும். நிழலே பிடிக்காது என்றால் பிரான்சின் க்ளேர்ஃபோன்டெய்ன் 90 கிராம் தாள் இருக்கிறது. 1858 முதல் வோஜ் மலைப்பகுதியில் இயங்கும் ஆலை அது. ஆரஞ்சு அட்டை போட்ட ரோடியா நோட்டும் இன்று அதே குழுமத்தைச் சேர்ந்ததுதான். இரண்டும் மிக வழவழப்பானவை. என் கைக்கு அந்த வழவழப்பு சற்று அதிகம். நிப் சறுக்கிக்கொண்டு போகிறது, எழுத்து என் பிடியில் இல்லாததுபோல் இருக்கிறது. நீண்ட நேரம் எழுதும்போது மிகச் சிறிய உரசல் ஒன்று விரலுக்குத் தெரிய வேண்டும் என்பது என் தேவை. உங்கள் கை வேறாக இருக்கலாம்.

நல்ல பசை போட்ட தாள் கேட்கும் விலை பொறுமை. மை உள்ளே போகாததால் உலர நேரம் பிடிக்கும், சில மைகள் அரை நிமிடத்துக்கு மேல்கூட எடுத்துக்கொள்ளும். எழுதி முடித்தவுடன் பக்கத்தைப் புரட்டினால் எதிர்ப்பக்கத்தில் அச்சு விழும். நோட்டோடு ஒரு ஒற்றுத்தாளை வைத்துக்கொள்ளுங்கள். இடக்கைக்காரர் என்றால் இது இன்னும் அவசியம். இன்னொன்று, பக்கத்தின் அடிப்பகுதிக்கு வரும்போது திடீரென்று மை பிடிக்காமல் எழுத்து விட்டுவிட்டு வந்தால் பேனாவைச் சந்தேகிக்காதீர்கள். மேலே எழுதிக்கொண்டிருந்தபோது உள்ளங்கையின் எண்ணெய்ப்பசை அந்த இடத்தில் படிந்திருக்கும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொண்டால் போதும்.

இனி கோடு. நீங்கள் கோட்டு நோட்டுதான் வேண்டும் என்று கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. கோடில்லாத தாள்தான் எழுத்தாளனுக்குரியது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. நாவல் எழுதும்போது வரி மேலேறுகிறதா கீழிறங்குகிறதா என்று கவனிக்கும் வேலையைக் கோடு எடுத்துக்கொள்கிறது, மனம் கதையில் நிற்கிறது. கோட்டுக்கென்று தனியாக உழைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். பிரான்சில் செயேஸ் என்ற நோட்டு வணிகர் 1892இல் பதிவுசெய்த அமைப்பில், 8 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள ஒவ்வொரு வரிக்கும் நடுவில் 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாக மெல்லிய கோடுகள் ஓடும். எழுத்தின் உடல் எவ்வளவு, தலை எவ்வளவு, கால் எவ்வளவு என்பதை அந்தக் கோடுகளே காட்டிவிடும். அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் அதில்தான் எழுதப் பழகுகிறார்கள்.

தமிழுக்கு வரி இடைவெளி மிக முக்கியம். நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் இகர ஈகார வளைவுகளும் வேண்டும், கீழே உகர ஊகாரக் கால்களும் ழகர ஞகரத் தொங்கல்களும் வேண்டும். 6 மில்லிமீட்டர் வரியில் மேல்வரியின் ‘மூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் மோதிக்கொள்ளும். நடுத்தர நிப்புக்கு 7, தடித்த நிப்புக்கு 8 மில்லிமீட்டர் என்பது என் பழக்கம். கோட்டின் நிறம் வெளிறிய சாம்பலாக இருக்கட்டும். அடர்நீலக் கோடு உங்கள் மையோடு போட்டி போடும். சில நோட்டுகளில் கோட்டை அச்சிட்ட மையே தண்ணீரை விலக்கும். நிப் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் எழுத்தில் ஒரு வெள்ளைக் கீறல் விழும். தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அத்தகைய நோட்டை நான் வாங்க மாட்டேன்.

கட்டுமானத்தில் ஒன்றே ஒன்று பாருங்கள். தாள்களைச் சிறு சிறு கட்டுகளாக மடித்து நூலால் தைத்திருக்க வேண்டும். நோட்டின் நடுப்பகுதியைத் திறந்தால் நூல் தெரியும். தைத்த நோட்டு மேசையில் தட்டையாக விரியும், உள் ஓரம் வரை எழுதலாம். முதுகில் வெறும் பசை தடவி ஒட்டியது பாதியில் ஏடு ஏடாகக் கழன்றுவரும்.

ஐந்தை ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். ஒன்று வாங்கிக் கடைசி ஏட்டில் சோதியுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே அதிக மை விடும் பேனாவை எடுத்து ‘எண்ணினான்’ என்ற அதே சொல்லைப் பத்து முறை எழுதுங்கள். முனையைத் தாளில் வைத்து மூன்று வினாடி அப்படியே நிறுத்துங்கள். கட்டம் கட்டமாகக் கோடுகளைக் குறுக்கே இழுங்கள். பிறகு ஏட்டைத் திருப்பிப் பாருங்கள், திருப்பிய பக்கத்திலும் இதையே செய்யுங்கள். பல எந்திரங்களில் தாள் உருவாகும்போது ஒரு பக்கம் கம்பிவலையின் மேல் கிடக்கிறது, மறுபக்கம் அப்படி இல்லை. அதனால் ஒரே ஏட்டின் இரண்டு முகங்களும் மையை வேறு வேறு விதமாக வாங்கலாம். வலப்பக்கம் நன்றாகவும் இடப்பக்கம் பிசிறோடும் வரும் நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் ணகரத்தின் மூன்றாவது சுழி திறந்திருந்தால் மற்ற நான்கையும் வாங்குங்கள்.

கையில் இருக்கும் நான்கு நோட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். பென்சிலுக்கு அந்தத் தாள் மிக நன்றாக இருக்கும். பசை குறைந்த சொரசொரப்பைக் கரி நன்றாகப் பற்றிக்கொள்ளும். நாவலுக்கான குறிப்புகள், ஊர் வரைபடம், பாத்திரங்களின் வயதுக் கணக்கு எல்லாவற்றையும் பென்சிலில் அங்கே வைத்துக்கொள்ளலாம். மைப்பேனாவால்தான் எழுதுவேன் என்றால், இருப்பதிலேயே மெல்லிய நிப்பும், மைப்பேனாவுக்கென்றே செய்த இரும்பு மாசிக்காய் மையும் (iron gall ink) முயன்று பாருங்கள். சாய மைகளைவிட அந்த வகை மை மோசமான தாளில் பொதுவாகக் குறைவாகவே பிசிறடிக்கும். எழுதும்போது வெளிறியிருந்து, காற்றுப் பட்டுக் கருக்கும். ஆனால் பேனாவுக்குள் வாரக்கணக்கில் உலரவிடாதீர்கள், அடிக்கடி வெறும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதி, பின்பக்கத்தைத் திருத்தங்களுக்காகக் காலியாக விட்டால், நாவலின் இரண்டாம் வரைவுக்கு அந்தக் காலியிடம் உதவும்.

அன்புடன்.