தாத்தாவின் பழைய பிபி துப்பாக்கியில் குறி பார்த்துச் சுடலாமா?

தக்கலைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கப்பலில் வேலை பார்த்த தாத்தா கொண்டுவந்த டெய்சி ரெட் ரைடர் பிபி துப்பாக்கி (சிறு எஃகு குண்டைக் காற்றழுத்தத்தால் சுடுவது) பரணில் கிடைத்தது. லீவர் அசைகிறது. வீட்டுக்குப் பின்னால் விளையில் சிரட்டையைத் தொங்கவிட்டு, பையனோடு சுடலாமா? லைசென்ஸ் வேண்டுமா?"

சுடலாம். சிரட்டை மட்டும் வேண்டாம். ஈயக் குண்டு பட்ட இடத்தில் நசுங்கிவிடும். பிபி குண்டு எஃகு. கடினமான எதில் பட்டாலும் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும். சிரட்டை, தென்னை மரம், காம்பவுண்டு சுவர், குளத்துத் தண்ணீர் எல்லாமே ஆபத்துதான். பழைய துப்பாக்கி, வேகம் குறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். வேகம் குறைந்த குண்டு துளைக்காமல் தெறிக்கத்தான் அதிக வாய்ப்பு.

பெரிய அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாளை இறுக்கி அடைத்து, முன்னால் காகிதக் குறி ஒட்டுங்கள். பெட்டிக்குப் பின்னால் பழைய ஜமுக்காளம் ஒன்று தளர்வாகத் தொங்கட்டும். தூரம் 5 மீட்டர் போதும். அமெரிக்காவில் சிறுவர் பிபி போட்டிகளே அந்தத் தூரத்தில்தான் நடக்கின்றன. குறி தப்பினால் குண்டு 170 மீட்டருக்கு மேலும் போகும். நம் மாவட்டத்தில் அதற்குள் எத்தனை வீடு, ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். சுடுகிறவர், வேடிக்கை பார்க்கிறவர் எல்லாருக்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

குண்டு விஷயத்தில் பலர் சைக்கிள் பால்ஸைப் போட்டுப் பார்க்கிறார்கள். பிபி சுமார் 4.4 மில்லிமீட்டர். சைக்கிள் பால்ஸில் 3.97 அளவு லொடலொடக்கும், 4.76 குழலுக்குள் போகவே போகாது. கடையில் கிடைக்கும் ஈயப் பெல்லட்டும் இதில் சிக்கிக்கொள்ளும். எஃகு பிபி மட்டும் போடுங்கள்.

பழைய மாடல்களில் காற்றை அழுத்தும் பிஸ்டன் தலையில் தோல் இருக்கும். பல வருஷம் சும்மா கிடந்தால் அது காய்ந்து, காற்று கசியும். எண்ணெய்த் துளையில் 30 கிரேடு சாதா மோட்டார் எண்ணெய் நாலைந்து சொட்டு விட்டு, ஓர் இரவு வையுங்கள். கைக்கு எட்டுகிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும்.

அப்புறம், லீவர் திறந்திருக்கும்போது விசையைத் தொடக்கூடாது. லீவர் பட்டென்று மூடி விரலை நசுக்கிவிடும். நாலைந்து தடவை வெறும் காற்று வந்தாலும் காலி என்று நம்பாதீர்கள். உள்ளே சிக்கிய குண்டு அடுத்த தடவை வரலாம்.

லைசென்ஸ்? 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேல் குழல் அளவோ 20 ஜூலுக்கு மேல் சக்தியோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்குத்தான் தேவை. உங்களுடையது சுமார் 2 ஜூல். ஆனால் கொக்கு, மைனா எதையும் குறிவைக்கக் கூடாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இதைப் பையனிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

துப்பாக்கியில் 'பிளைமவுத், மிச்சிகன்' என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். டெய்சி கம்பெனி 1958இல் அங்கிருந்து ஆர்கன்சா மாநிலத்துக்கு மாறியது. அப்படிப் பொறித்திருந்தால் இது அதற்கு முந்தையது. உப்புக்காற்றில் ஏறிய துருவை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் அந்த எழுத்தும் போய்விடும். எண்ணெய் நனைத்த துணியால் துடைத்தாலே போதும்.