கட்டுப் பிரித்த பிறகு: பிசியோதெரபி கேள்வி பதில்

எலும்பு முறிவு, மூட்டு ஆபரேஷன், புற்றுநோய் சிகிச்சை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்களிடமிருந்துதான் இம்முறை கேள்விகள் அதிகம். சட்டைக்குள் கை நுழைய மாட்டேன் என்கிற கஷ்டமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். உங்களை நேரில் தொட்டுப் பார்க்காமல் சொல்கிறேன் என்பதை மனதில் வையுங்கள். உங்கள் சர்ஜன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் ஆகி ஐந்து வாரம். அக்குளில் இருந்த நெறிகட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். கையைத் தூக்கினால் அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு மாதிரி இழுக்கிறது. கையை அசைத்தால் வீங்கிவிடும் என்கிறார் பெரியம்மா. என்ன செய்வது?

பெரியம்மா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் இப்படிக் கேட்டுக் கையை மார்போடு அணைத்தே வைத்திருந்து, தோள் இறுகிப்போய் வந்த பெண்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். தலை பின்னக்கூட இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

அந்தக் கயிறு, நெறிகட்டி எடுத்தவர்களுக்கு வரக்கூடியதுதான். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் தோலுக்கு அடியில் வீணைத் தந்தி மாதிரி தெரியும். நோய் திரும்பிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். மெதுவாக நீட்டி மடக்கப் பழக்கினால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தளர்ந்துவிடும்.

புண் ஆறி, வடிகுழாயும் எடுத்தாகிவிட்டது என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பல்லி ஏறுவதுபோல் மேலே நடத்த வேண்டும். இழுக்கிற இடத்தில் நிறுத்தி, ஐந்து மூச்சு விட்டு, அப்படியே இறக்கலாம். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. என்னிடம் வந்த ஒரு அம்மா காலண்டர் மாட்டும் ஆணிக்குக் கீழே இப்படிக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதி வைத்திருந்தார். சில நாள் கோடு முந்தைய நாளைவிடக் கீழே இருக்கும். வாரக் கணக்கில் பார்த்தால் ஏறிக்கொண்டே போனது. ஆணியைத் தொட்ட அன்று காலையிலேயே எனக்குப் போன் செய்துவிட்டார்.

வீக்கத்துக்கு வருவோம். ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. பயிற்சியாளர் மேற்பார்வையில் தொடங்கிப் படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. அது திடீரென்று மோசமாவதும் மற்றவர்களைவிடக் குறைந்தது. அதனால் சமையல், துணி மடிப்பது எல்லாம் செய்யட்டும். வளையல், மோதிரம் இறுக்கமாக வேண்டாம். காய் நறுக்கும்போது வெட்டுப்பட்டால் உடனே கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்பாவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகி பத்து நாள். வலி தாங்காமல் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கிறார். பரவாயில்லையா?

அந்தத் தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மடங்கிய நிலையில் வலி குறைவாகத் தெரியும், அதனால்தான் கேட்கிறார். ஆனால் கால் அப்படியே இறுகிவிட்டால் நிமிர்ந்து நடக்க முடியாது, விந்தி விந்தித்தான் நடப்பார். எல்லோரும் எவ்வளவு மடங்குகிறது என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். முழுசாக நீளுகிறதா என்பதும் அதே அளவு முக்கியம். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தானாகக் கீழே இறங்கட்டும். தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணச் சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொண்டால் சுலபமாக இருக்கும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம்.

எட்டு வயதுப் பையன், சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை முறிவு. மாவுக்கட்டு பிரித்து பத்து நாள் ஆகியும் கை முழுதாக நீளவில்லை. எண்ணெய் போட்டு நீவலாமா? வாளி தூக்கச் சொல்லலாமா?

இரண்டும் வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. அடிபட்ட முழங்கையை நீவினாலோ, பிடித்து இழுத்தாலோ, சுற்றியுள்ள தசைக்குள்ளேயே எலும்பு வளரக்கூடும். அப்புறம் கை அசையவே அசையாது. வாளி தூக்கச் சொல்வதும் இழுப்பதும் ஒன்றுதான். குழந்தைகளின் முழங்கை, தானாகப் பயன்படுத்தப் பயன்படுத்தச் சரியாகும். சில மாதங்கள் எடுக்கும். அந்தக் கையால் சாப்பிடட்டும், படம் வரையட்டும், பந்து உருட்டட்டும். கையை நீட்டு நீட்டு என்று யாரும் பின்னாலேயே போக வேண்டாம்.

அண்ணனுக்குக் கன்னத்தில் புற்று. ஆபரேஷன், ரேடியேஷன் முடிந்து இரண்டு மாதம். வாய் ஒரு விரல்தான் திறக்கிறது. ஒரு பக்கத் தோளும் இறங்கிவிட்டது.

வெற்றிலை பாக்கு, குட்காவால் இந்த நோய் வந்தவர்களுக்குச் சிகிச்சைக்கு முன்பே வாய் கொஞ்சம் இறுகித்தான் இருக்கும். ரேடியேஷன் பட்ட தசை அதற்கு மேலும் இறுகும், முடிந்து மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். அதனால் நாள் கடத்தக் கூடாது. முன்பற்களுக்கு நடுவே 35 மில்லிமீட்டருக்குக் கீழே திறந்தால் பயிற்சி தேவை. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, இழுவை தெரிகிற அளவில் அரை நிமிடம் இருக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. சில நாளைக்கு ஒருமுறை ஒரு குச்சி கூட்டலாம். தாடையில் தட்டு வைத்திருந்தாலோ, பல் ஆடினாலோ முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

தோள் இறங்குவது கழுத்து நெறிகட்டிகளை எடுக்கும்போது தோளைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்படுவதால். கையைத் தொங்கவிடாமல், உட்காரும்போது தலையணை மேல் வைக்கட்டும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்க்கும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது.

கபடியில் முழங்கால் ஜவ்வு அறுந்து ஆபரேஷன். ஆறு மாதம் ஆகிவிட்டது, வலியே இல்லை. பொங்கல் போட்டியில் இறங்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. வலி இல்லை என்பதால் புது ஜவ்வு பலமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததை நார்வேயில் பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகும் இரண்டு காலிலும் பலம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று அளந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

குடல் புற்றுக்குக் கீமோ போகிறது. எழுந்திருக்கவே அசதி. ஓய்வா, நடையா?

நடைதான். பத்து நிமிடம், வீட்டு வாசலிலேயே போதும். கீமோ போட்ட இரண்டு மூன்று நாள் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் இருந்தாலோ, ரத்த அணுக்கள் மிகக் குறைவு என்று சொல்லியிருந்தாலோ டாக்டரைக் கேட்டுவிட்டு நடங்கள். கீமோ முடிந்த 889 குடல் புற்று நோயாளிகளை வைத்து 2025-ல் வெளிவந்த ஆய்வில், மூன்று வருடம் முறையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்புவதே குறைந்தது. எனக்கு மிகவும் சந்தோஷம் கொடுத்த செய்தி அது.

நான்கு வருடம் முன்பு மார்பகப் புற்று வந்து குணமானது. ஒரு மாதமாக முதுகு வலி, படுத்தால் அதிகமாகிறது. முதுகுப் பயிற்சி சொல்லுங்கள்.

அம்மா, உங்களுக்கு இப்போது பயிற்சி சொல்ல மாட்டேன். சாதாரண வலியாகவே இருக்கலாம். ஆனால் புற்றுநோய் வந்தவர்களுக்குப் படுத்தாலும் குறையாத முதுகு வலி என்றால் எலும்பைப் படம் எடுத்துப் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. இந்த வாரமே உங்கள் புற்றுநோய் டாக்டரைப் பாருங்கள். காலில் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். படம் நன்றாக வந்தால் மறுபடி எழுதுங்கள், எந்தப் பயிற்சி என்று அப்போது சொல்கிறேன்.