ராத்திரியில் மட்டும் அரிக்கிறது, டாக்டர்

கேள்வி: நான் பினாங்கில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர். ஒன்றரை மாதமாக உடம்பு அரிக்கிறது. பகலில் அவ்வளவாகத் தெரிவதில்லை. படுத்துப் போர்வையை இழுத்தால் ஆரம்பித்துவிடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் எல்லாம் சின்னச் சின்னப் பரு. மூட்டைப்பூச்சி என்று நினைத்து மெத்தையை வெயிலில் போட்டேன், மருந்தும் அடித்தேன். தோழி ஒருத்தி கொடுத்த கிரீமைப் பூசினால் நான்கு நாள் அடங்குகிறது, அப்புறம் முன்னைவிட அதிகமாகிறது. டியூபில் பெயர் தேய்ந்துபோயிருக்கிறது. தீபாவளிக்குச் சுங்கை பட்டாணிக்கு வீட்டுக்குப் போனபோது கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் ஒன்றாகப் படுத்தோம். நான்கு வாரம் ஆகிறது, இப்போது தம்பிக்கும் அரிப்பாம். அம்மா இது உடம்புச் சூடு என்கிறார். கருவாடும் கத்தரிக்காயும் தொடக் கூடாதாம். என் அறைத்தோழிகள் ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். நான் தலைக்கு எண்ணெய் வைப்பதற்கே சிரிப்பார்கள். இதைச் சொன்னால் சுத்தம் இல்லாதவள் என்று முடிவு கட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் பரீட்சை, தூக்கமே இல்லை.

பதில்: உங்கள் கேள்விக்குப் பாதி விடை தம்பியிடம் இருக்கிறது. நீங்கள் பட்டியல் போட்ட இடங்களைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரே பாயில் படுத்த தம்பிக்கு நான்கு வாரம் கழித்து அரிப்பு என்றதும் சந்தேகம் ஏறக்குறையத் தீர்ந்தது. இது பெரும்பாலும் ஸ்கேபீஸ். நம் ஊர்களில் சொறி, சிரங்கு என்போம். மலாயில் கூடிஸ் பூத்தா. கண்ணால் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது, அதனால் இந்த வாரமே பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்திலோ அருகிலுள்ள கிளினிக்கிலோ காட்டிவிடுங்கள். அரசாங்கக் கிளினிக் என்றால் 1 வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான்.

மூட்டைப்பூச்சி இல்லை என்று ஏன் நினைக்கிறேன்? மூட்டைப்பூச்சி துணி மூடாத இடமாகப் பார்த்துக் கடிக்கும்: கை, கால், கழுத்து, சில நேரம் முகம். விரல் இடுக்கையும் இடுப்பு மடிப்பையும் தேடிக்கொண்டு போகாது. விரிப்பில் சின்ன ரத்தப் புள்ளியும் மெத்தைத் தையலில் கருப்புப் பொட்டுகளும் இருக்கும். அதையும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்த அறைகளும் உண்டு. ஆனால் கடையில் வாங்கிய ஸ்பிரேயை இனிமேல் அடிக்காதீர்கள். மூட்டைப்பூச்சிகளில் பல இப்போது அந்த மருந்துக்கெல்லாம் அசைவதில்லை, நீங்கள்தான் அதை மூச்சில் இழுத்துக்கொண்டு தூங்குகிறீர்கள்.

சொறியை உண்டாக்குவது சிலந்தி, உண்ணி வகையைச் சேர்ந்த, எட்டுக் கால்கள் உள்ள ஒரு குட்டிப் பூச்சி. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்துகொண்டு போகும், போகிற வழியில் தினமும் இரண்டு மூன்று முட்டை இடும். அந்தச் சுரங்கத்தைக் காட்ட கிளினிக்கில் நான் ஒரு சின்ன வேலை செய்வேன். நீல மைப் பேனாவால் பருவின் மேல் நன்றாகத் தேய்ப்பேன். கொஞ்ச நேரம் விட்டு, ஆல்கஹால் பஞ்சால் துடைப்பேன். மேலே இருந்த மை போய்விடும். சுரங்கம் இருந்தால் உள்ளே இறங்கிய மை மட்டும் மெல்லிய, நெளிந்த கோடாக நிற்கும். பூதக்கண்ணாடி வைத்த தோல் விளக்கில் பார்த்தால் கோட்டின் நுனியில் கருப்பாக ஒரு குட்டி முக்கோணம். அதுதான் பூச்சியின் தலைப்பக்கம். இதைப் பார்த்ததும் “சீ” என்று முகம் சுளிக்காத நோயாளி அபூர்வம். ஆனால் அதற்கப்புறம் மருந்தை ஒழுங்காகப் பூசாதவரும் அபூர்வம்.

இவ்வளவு அரிக்கிறதே, உடம்பில் ஆயிரக்கணக்கில் இருக்குமோ என்று பயப்படாதீர்கள். சாதாரண சொறியில் மொத்தமே பத்துப் பதினைந்து பூச்சிதான். அரிப்பு அதன் கடியால் வருவதில்லை. அதன் எச்சத்துக்கும் முட்டைக்கும் உங்கள் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. முதல் தடவை தொற்றும்போது இந்த ஒவ்வாமை உருவாகவே மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். தம்பிக்கு நான்கு வாரம் கழித்து அரித்ததன் கணக்கு இதுதான். அப்படியானால் உங்கள் அறைத்தோழிகளுக்கு அரிப்பு இல்லை என்பதால் அவர்களிடம் பூச்சி இல்லை என்று சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதற்குத்தான் வருகிறேன்.

அந்தப் பெயர் தேய்ந்த டியூப் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்கும். நான்கு நாள் அடக்கி, அப்புறம் கூட்டுவது ஸ்டீராய்டின் கைவரிசை. அது ஒவ்வாமையை மட்டும் அமர்த்துகிறது; பூச்சி சௌகரியமாகக் குடும்பம் நடத்துகிறது. பருவின் தோற்றமும் மாறிவிடுவதால் பார்க்கிற டாக்டருக்கே குழப்பம் வரும். நிறுத்திவிடுங்கள், ஆனால் டியூபைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

சரி, சுத்தம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருவோம். நான் ஹவுஸ்மேனாக, அதாவது ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக, இருந்தபோது எனக்கே வந்தது. நடக்க முடியாத ஒரு பாட்டியைத் தினமும் தூக்கி உட்கார வைப்பேன். அந்த வார்டில் எங்களில் நான்கு பேர் வரிசையாகச் சொறிந்துகொண்டிருந்தோம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிற கூட்டம் அது. சோப்புக்கு இந்தப் பூச்சி சாவதில்லை. தோலோடு தோல் பத்துப் பதினைந்து நிமிடம் ஒட்டியிருந்தால் அது இடம் மாறிவிடும், அவ்வளவுதான். ஒரே கட்டிலில் சாய்ந்து படம் பார்ப்பது, ஊரிலிருந்து வந்த தோழியைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வது, இதெல்லாம் போதும். கை குலுக்கினால் ஒட்டாது. யாரிடமிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். தெரிந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை. நான்கு வேளை குளிப்பதும், தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றிக் குளிப்பதும் தோலைக் காயவைத்து அரிப்பைக் கூட்டும். வேப்பிலை மஞ்சள் அரைத்துப் பூசினால் குளுமையாக இருக்கலாம், ஆனால் அதை நம்பி மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

மருந்து பெர்மெத்ரின் 5% கிரீம் அல்லது லோஷன். ஒரு பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30 கிராம் வேண்டும். கொஞ்சம் பருமனானவர் என்றால் அதற்கும் மேலே. இதில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தப்பு, அரிக்கிற இடத்தில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் பூசுவது. தாடைக்குக் கீழே உள்ளங்கால் வரை ஓரிடம் விடாமல் பூச வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நகத்தடியில் தேய்க்க வேண்டும். தொப்புள், விரல் இடுக்குகள், மார்புக்கு அடிப்பக்கம், பிட்ட இடுக்கு, பிறப்புறுப்பின் வெளிப்பக்கம் எல்லாம் சேர்த்தி. முதுகுக்குத் துணை வேண்டும். அதற்காகவாவது அறைத்தோழியிடம் சொல்ல வேண்டியிருக்கும்! வெந்நீரில் குளித்த சூட்டோடு பூசாமல் உடம்பு ஆறிக் காய்ந்தபின் பூசுங்கள். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், பதினான்கு மணிவரை போகலாம். இடையில் கை கழுவினால் கையில் மட்டும் மறுபடி பூசுங்கள். காலையில் குளித்துவிடலாம். ஏழு நாள் கழித்து இதே மாதிரி இன்னொரு தடவை. அரிப்பு குறைந்துவிட்டது என்று இந்த இரண்டாவது தடவையை விட்டவர்கள்தான் அடுத்த மாதம் என் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பார்கள்.

சில கிளினிக்குகளில் பென்சைல் பென்சோயேட் என்று பால்போல் வெள்ளையான மருந்து தருவார்கள். அதுவும் வேலை செய்யும். ஆனால் எரியும், பூசும் முறையும் வேறு, கேட்டுக்கொள்ளுங்கள். ஐவர்மெக்டின் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம்.

இப்போது தேதி. அறையில் மூன்று பேர், வீட்டில் அத்தனை பேர், எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும். நீங்கள் இந்த வாரம், தோழி அடுத்த வாரம், தம்பி பள்ளி விடுமுறையில் என்று பிரித்துக்கொண்டால் பூச்சி உங்களுக்குள்ளேயே சுற்றி வரும். பினாங்கில் சனி ஞாயிறு விடுமுறை, உங்கள் வீடு இருக்கும் கெடாவில் வெள்ளி சனி. உங்களுக்கும் தம்பிக்கும் மறுநாள் வகுப்பு இல்லாத இரவு வெள்ளிக்கிழமை இரவு ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதற்கடுத்த வெள்ளியையும்.

மறுநாள் காலையில் துணி வேலை. முந்தின மூன்று நாளில் உடம்பில் பட்ட உடுப்பு, துண்டு, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் சுடுதண்ணீரில், 60 டிகிரியில் துவைக்க வேண்டும். விடுதி இயந்திரத்தில் சுடுதண்ணீர் இல்லையென்றால் கவலை இல்லை. குளுகோர், சுங்கை டுவா பக்கம் காசு போட்டு நாமே துவைக்கிற டோபி கடைகள் இருக்கின்றனவே, அங்கே பெரிய உலர்த்தியில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினாலே பூச்சியும் முட்டையும் செத்துவிடும். துவைக்க முடியாததை, கரடிப் பொம்மை, ஜாக்கெட் மாதிரி, குப்பைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி ஒரு வாரம் மூலையில் வையுங்கள். மனித உடம்பை விட்டு அது இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மெத்தையைத் தூக்கி எறிய வேண்டாம்.

தோழிகளிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் நினைப்பதைவிட இது சுலபம் என்று நினைக்கிறேன். ஆஸ்ராமாவில், அதாவது பள்ளி விடுதியில், தங்கிப் படித்த மலாய்ப் பிள்ளைகளில் பலருக்குக் கூடிஸ் பூத்தா தெரிந்த சங்கதி. யாருக்காவது வந்ததைப் பார்த்திருப்பார்கள். மன்னிப்புக் கேட்கும் குரலில் ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் தப்பு செய்த மாதிரி பேசினால் அவர்களும் தப்பு நடந்த மாதிரிதான் கேட்பார்கள். கிளினிக்குக்குப் போய் வந்த அன்றே, கையில் மருந்தோடு, “டாக்டர் கூடிஸ் பூத்தா என்கிறார், ஒரே அறையில் இருப்பவர்களுக்கும் பரவியிருக்கலாம், அரிக்காவிட்டாலும் மருந்து போட வேண்டுமாம், கீத்தா சாப்பு உபாட் சமா-சமா மாலம் சப்து, ஓகே?” (வெள்ளிக்கிழமை இரவு எல்லாரும் சேர்ந்து மருந்து பூசுவோம், சரியா?) என்று சொல்லிவிடுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். இரண்டு வாரம் கழித்து அவர்களே சொறிந்துகொண்டு, உங்களுக்கு முன்பே தெரியும் என்று கண்டுபிடித்தால் அந்தச் சங்கடம்தான் பெரிது. வாயில் வரவில்லையென்றால் அவர்களையும் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள், டாக்டர் சொல்லட்டும். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தாதீர்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இன்னொன்று. மருந்து பூசிய மறுநாளே அரிப்பு நிற்காது. பூச்சி செத்தாலும் அதன் மிச்சம் தோலுக்குள் இருக்கிறது. இரண்டிலிருந்து நான்கு வாரம் இழுக்கும். அதைப் பார்த்துப் பயந்து தினமும் பெர்மெத்ரின் பூசுகிறவர்கள் உண்டு, தோல் வெந்து அதனால் வேறு அரிக்கும். வாசனை இல்லாத மாய்ச்சரைசர் பூசுங்கள். தூக்கத்துக்கு டாக்டர் இரவில் போட ஒவ்வாமை மாத்திரை தருவார். மஞ்சள் நிறக் குளோர்பெனிரமின் மாத்திரை நன்றாகத் தூக்கம் தரும், ஆனால் மறுநாள் காலைவரை மந்தமாக வைத்திருக்கும். பரீட்சை வாரத்தில் தூக்கம் குறைவாகத் தரும் லோரடடின் மாதிரி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நான்கு வாரத்துக்குப் பிறகும் புதுப் பரு, புதுக் கோடு வந்தால் மறுபடி காட்டுங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். சொறிந்த இடத்தில் சீழ், வலி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். தம்பியைக் கவனிக்கச் சொல்லுங்கள்: முகம் உப்பினாலோ சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ தாமதிக்கக் கூடாது. புண்ணில் ஏறும் கிருமியால் அபூர்வமாகச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

அம்மாவிடம் கருவாட்டுக்கும் கத்தரிக்காய்க்கும் தடை இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு அவரும் பூசிக்கொள்ள வேண்டும். “எனக்குத்தான் அரிக்கவில்லையே” என்பார். பாய் விரித்துப் பக்கத்தில் படுத்தது அவரும்தானே, விடாதீர்கள்.